ஹார்ட் டிஸ்க் சத்தம்

தல்லாகுளத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அந்தக் கம்ப்யூட்டர் முதன்முதலாகப் பச்சை எழுத்தைக் காட்டிய அன்று அம்மா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அப்பா தேங்காய் உடைத்தார். அண்ணன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "ஓடிருச்சுல்ல, ஓடிருச்சுல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அந்த வாரம் முடிவதற்குள் அது சத்தம் போட ஆரம்பித்தது.

எண்பதுகளின் கடைசி அது. மதுரையில் கம்ப்யூட்டர் என்றால் கண்ணாடி அறை, ஏசி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது என்றிருந்த காலம். அப்படி ஒரு பயிற்சி நிலையத்தில்தான் நானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் படித்தேன். அதற்கு முன்னால் மிஷன் கல்லூரியில் இயற்பியல். அண்ணன் கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப்பிங் கடை வைத்திருந்தான். இனி டைப்ரைட்டரை நம்பிப் பிழைக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. முழுசாகப் பூட்டிய கம்ப்யூட்டரின் விலை நமக்குக் கட்டாது என்று மெட்ராஸுக்குப் போய்ப் பாகம் பாகமாக வாங்கி, துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். போர்டு, பவர் சப்ளை, ஃபிளாப்பி டிரைவ், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு ஹார்ட் டிஸ்க். செங்கல் கனம் இருக்கும். அதை மட்டும் தாம்பாளத்தில் வைத்து, பரிசம் போட வந்தவன் மாதிரி என்னிடம் நீட்டினான்.

முன்னறையில் பாயை விரித்து, சண்டை போட்டுக்கொண்டே இரண்டு பேரும் அதைப் பூட்டினோம். அண்ணனுக்குக் கை ஓடும், பொறுமை கிடையாது. எனக்குப் பொறுமை இருந்தது, வாயும் இருந்தது. பெட்டியின் பின்பக்கம் நீளநீளமாகச் சந்துகள் இருக்கும். கார்டு செருகாத சந்துகளைத் தகடு வைத்து மூட வேண்டும். ஒரு தகடு குறைந்தது. உள்ளே காற்றுப் போகட்டும் என்று அந்தச் சந்தை அப்படியே விட்டுவிட்டோம்.

எனக்கு அந்தப் பெட்டி எதற்காக வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்து வீட்டில் இருக்கும் பெண்ணை ஊரே ஒரு கேள்வி கேட்கும்: "என்ன, சும்மாதான் இருக்கியா?" காய்காரம்மா கேட்பார், எதிர்வீட்டு மாமா கேட்பார், ரேஷன் கடையில் கேட்பார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழகர்கோயில் ரோட்டில் போகிற பஸ்ஸைச் சத்தத்தை வைத்தே எந்த ஊர்ப் பஸ் என்று சொல்லும் அளவுக்கு நான் சும்மா இருந்தேன். இந்த நிலையில்தான் அப்பாவின் சொந்த ஊர்ப்பக்கம், எழுமலை என்ற சின்ன ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு உரக்கடை, கொஞ்சம் தோட்டம், குணமானவர் என்றார்கள். குணத்தில் எனக்கு ஆட்சேபனை இல்லை. எழுமலைதான் ஆட்சேபனை.

அதே நேரத்தில் அண்ணன் ஒரு நூல் மில்லில் பேசி வைத்திருந்தான். தொழிலாளிகளின் சம்பளப் பட்டியலை மாதாமாதம் கம்ப்யூட்டரில் போட்டு அச்சடித்துத் தரும் வேலை. அதைச் செய்யப்போவது நான். அப்பா கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தா, சொன்ன சொல் மாறாதவர் என்று பெயர். ஒரு நாள் சாப்பிட்டுக் கைகழுவியபடியே என்னிடம் சொன்னார்: "மில்லு வேலை கைக்கு வந்துருச்சுன்னா ரெண்டு வருசத்துக்கு உங் கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டேன். வரலைன்னா எழுமலைக்குச் சரின்னு சொல்லிரணும்." நான் சரி என்றேன். கம்ப்யூட்டர் ஓடிவிட்டால் எழுமலை தானாக ஓடிவிடும் என்பது என் கணக்கு.

மில் மானேஜர் பார்க்க வந்தார். நான் ஒரு மாதிரிப் பட்டியலைத் திரையில் கொண்டுவந்து, அச்சடித்தும் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தபோது பெட்டிக்குள்ளிருந்து 'ட்ச் ட்ச் ட்ச்' என்று கேட்டது. மானேஜர் தலையாட்டலை நிறுத்திவிட்டார். என்ன சத்தம் என்று கேட்டார். புது மிஷின், பழகினால் சரியாகிவிடும் என்று அண்ணன் புதுச் செருப்புக்குச் சொல்லும் சமாதானத்தை அதற்குச் சொன்னான். சம்பள விஷயம், பாதியில் நின்றுபோனால் தொழிலாளிகள் தன்னைத்தான் பிடிப்பார்கள், சத்தத்தைச் சரி பண்ணிவிட்டுச் சொல்லியனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு மானேஜர் காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எனக்கு அந்தச் சத்தத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லை. முதலில் ஸ்டெபிலைசரைச் சந்தேகப்பட்டேன். தல்லாகுளத்துக் கரண்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் அது 'டக்' என்று ஒரு குரல் கொடுக்கும். அதைத் தனியாக நகர்த்தி வைத்துக் கேட்டேன். அது வேறு சத்தம், இது வேறு சத்தம். அடுத்து ஃபேன். அதன் ஒயரைக் கழற்றி, மூடிப் பூட்டி, மறுநாள் கொஞ்ச நேரம் ஓட்டினோம். அப்போதும் கேட்டது. ஃபிளாப்பி டிரைவ் வேலை செய்யும்போது மாவு மில் மாதிரி கர்கர் என்னும். அதற்கு இந்த நளினம் கிடையாது. திருப்புளியின் முனையைப் பெட்டியின் மேல் ஊன்றி, பிடியைக் காதுக்குள் அழுத்திக்கொண்டு, டாக்டர் மாதிரி இடம் இடமாகக் கேட்டேன். ஸ்க்ரூவைத் திருகுவதைவிட அந்தத் திருப்புளி என் காதில் இருந்த நேரம்தான் அதிகம்.

ஒரே ஒரு குழப்பம் தீரவில்லை. மூடியைக் கழற்றினால் சத்தம் நின்றுவிடும். கழற்றி வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் மூச்சுவிடாது. மூடிப் பூட்டினால் மறுநாள் திரும்ப வந்துவிடும். இயற்பியல் படித்தவள் அல்லவா, யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்: ஹார்ட் டிஸ்க்கின் அதிர்வு பெட்டியின் தகரத்தில் மோதி எதிரொலிக்கிறது, மூடி இறுக்கமாக இருக்கும்போது மட்டும் வெளியே கேட்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் ஒயரைக் கழற்றிப் போட்டு ஒரு மாலை ஓட்டிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. முடிந்தது விசாரணை. குற்றவாளி ஹார்ட் டிஸ்க்தான் என்று அண்ணனிடம் அறிவித்துவிட்டேன். அதை மெட்ராஸுக்குக் கொண்டுபோய் மாற்றி வருவதாக அவனும் ஒப்புக்கொண்டான்.

இத்தனைக்கும் நடுவில் அம்மா ஒரு காரியம் செய்வாள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், பல்லி சொன்னால் தட்டுவது போல, இருக்கிற இடத்தில் விரலால் தரையைத் தட்டுவாள். எனக்குக் கோபம் வரும். "அது பல்லி இல்லம்மா, ஹார்ட் டிஸ்க்" என்பேன். கேட்டுக்கொள்வாள், அடுத்த தடவையும் தட்டுவாள். ஸ்டெபிலைசர் 'டக்' என்றாலும் தட்டுகிறவள் அவள். அதனால் அவளை யாரும் பொருட்படுத்தவில்லை.

அண்ணன் மெட்ராஸ் கிளம்புவதற்குள் எழுமலைக்காரர்கள் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பிவிட்டார்கள். எனக்கும் அப்பாவுக்கும் பேச்சு இருக்கிறதே என்று நான் நினைவுபடுத்தினேன். பார்த்துவிட்டுப் போவதால் என்ன, மில் வேலை வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போகிறது என்றார் அப்பா. அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வருகிறவர்கள் முன்னால் மிஷின் மானத்தை வாங்கக்கூடாது என்று, சத்தத்தை அமுக்குவதற்காக, திறந்து கிடந்த அந்தப் பின்பக்கச் சந்தை அடைத்தேன். தகடு கிடைக்கவில்லை. யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ ஒன்று கெட்டியான அட்டையில் இருந்தது. அதை அளவாக வெட்டி, மடித்து, இறுக்கிச் செருகினேன்.

மாப்பிள்ளை, அவருடைய அம்மா, ஒரு பெரியப்பா, மூன்று பேர் வந்தார்கள். முன்னறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். மூலையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணின் கெட்டிக்காரத்தனத்துக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று அண்ணன்தான் போட்டுவிட்டிருந்தான். நான் பட்டுப்புடவையில் காபித் தட்டோடு வந்து, கும்பிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மா முகத்தில் கடுகடுப்பே இல்லை, அதுதான் தொந்தரவு. வெறுக்கிற மாதிரி ஒருவர் வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவர் சொன்னார்:

"எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாம். இந்தப் பிள்ளை நம்ம வீட்டுக்கு வந்தா வீடு நல்லா இருக்கும்."

'ட்ச் ட்ச் ட்ச்.'

அறையில் இருந்த எல்லோருடைய விரலும் ஒரே நேரத்தில் எதையோ தட்டியது. பெரியப்பா நாற்காலிக் கையைத் தட்டினார். அம்மா தரையைத் தட்டினாள். அப்பாவும் தட்டினார், பாவம். ஒருவர் வாயிலிருந்து சொல் விழுந்ததும் பல்லி சொன்னால் அது நடந்தே தீரும் என்பது எங்கள் பக்கத்தில் சட்டம் மாதிரி. மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வடகிழக்கு மூலையிலிருந்து சொல்லியிருக்கிறது, இதற்கு மேல் ஜாதகமே வேண்டாம் என்றார் பெரியப்பா.

ஹார்ட் டிஸ்க் என்னைக் கல்யாணம் பண்ணிக் கொடுப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பெண் பார்க்கும் இடத்தில் பெண் வாயைத் திறக்கக்கூடாது என்பது தெரியும். ஆனாலும் திறந்தேன்.

"அது பல்லி இல்லைங்க. மிஷின் சத்தம்."

அப்பா என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. அம்மா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை முதன்முதலாகப் பேசினார். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எதை வச்சு மிஷின்னு சொல்றீங்க?"

அப்படி என்னை யாரும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியில்தான் நான் விழுந்தேன். மூடியைக் கழற்றினால் சத்தம் நின்றுவிடும், ஒயரைக் கழற்றினால் வராது, எல்லாவற்றையும் விளக்கினேன். வேண்டுமானால் இப்போதே காட்டுகிறேன் என்று எழுந்துபோய், சுவிட்சை அணைத்தேன். ஹார்ட் டிஸ்க்கை முறைப்படி ஓய்வுக்கு அனுப்ப 'பார்க்' என்று ஒரு கட்டளை கொடுத்துவிட்டுத்தான் அணைக்க வேண்டும். இருந்த ஆவேசத்தில் அதைச் செய்யவில்லை. பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு, திருப்புளியை எடுத்து, பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, மூடியை முன்னால் இழுத்தேன்.

பவர் சப்ளை டப்பாவின் மேல், நல்ல சூட்டில், கொழுத்த பல்லி ஒன்று உட்கார்ந்திருந்தது. ஓடவில்லை. ஓட முடியாது, அது வந்துபோகும் வழியைக் கல்யாணப் பத்திரிகையால் அடைத்தவள் நான். இத்தனை நாளும் நான் மூடியில் கைவைத்த சத்தம் கேட்டதுமே அந்தச் சந்து வழியாக அது சுவருக்குப் போயிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குக் கீழே, ஹார்ட் டிஸ்க்குக்கும் தகரத்துக்கும் நடுவில், போன தடவை திறந்தபோது இல்லாத இரண்டு முட்டை, வெள்ளைவெளேரென்று.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து, உள்ளே எட்டிப்பார்த்து, பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பெட்டிக்குள்ள குடும்பத்தோட உக்காந்துல்ல சொல்லிருக்கு" என்றார். முட்டையை வேறு சேர்த்து அவர் என்னென்ன அர்த்தம் எடுத்துக்கொண்டார் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்குப் போய்விட்டான். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்பார்கள். இங்கே சொன்ன பல்லி சுகமாக உட்கார்ந்திருந்தது. பானையில் விழுந்தது நான்.

அந்த நிலையிலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது என்றால் நம்புவீர்களா? ஹார்ட் டிஸ்க்கில் குறையில்லை. மிஷினில் எந்தக் கோளாறும் இல்லை. பல்லியை வெளியே விட்டுவிட்டு, மானேஜருக்குச் சொல்லியனுப்பினால் மில் வேலை கைக்கு வந்துவிடும். அவர்கள் பஸ் ஏறியதும் இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி, என்னைப் பார்க்காமல், முட்டை பொரிந்து அது தானாகப் போகும்வரை கம்ப்யூட்டரைப் போடக்கூடாது என்றார். சம்பந்தியம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். முட்டையை எடுத்துப் பஞ்சில் வைக்கிறேன் என்றேன். தொட்டால் பாவம், பொரிக்காது என்றாள் அம்மா. நான் அப்பாவுக்கு அவர் கொடுத்த வாக்கை நினைவுபடுத்தினேன்.

"நான் குடுத்தது மனுசன் வாக்கு," என்றார் அப்பா. "அது சொன்னதுக்கு நான் என்ன செய்ய?"

அவர் என்னை ஏமாற்றவில்லை. அவர் உண்மையிலேயே தன் கையில் எதுவும் இல்லை என்று நம்பினார். அதனால் அவரோடு சண்டை போடக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று. பின்கட்டுக்குப் போய், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்குப் பிறகு மூடியைத் திறந்துவைத்த மிஷினுக்கு முன்னால் நான் தினமும் உட்கார்ந்திருந்தேன். பத்திரிகை அட்டையை நானே பிடுங்கிப் போட்டேன். பல்லி நினைத்தால் வந்தது, நினைத்தால் போனது. மானேஜர் இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டார். முட்டை இன்னும் பொரிக்கவில்லை என்று ஒரு நூல் மில்லுக்கு எப்படிச் சொல்லியனுப்புவது? அண்ணன் என்னவோ சொல்லிச் சமாளித்தான். அந்த மாதச் சம்பளப் பட்டியலை வேறு யாரோ அச்சடித்துக் கொடுத்தார்கள்.

முட்டை பொரிந்தது, கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்துவந்த வாரத்தில். ஒரு காலையில் ஓடு மட்டும் கிடந்தது. அதற்குள் எழுமலையிலிருந்து இன்னொரு செய்தி வந்திருந்தது. சீர் என்று எதையும் அவர்கள் கேட்கவில்லை, ஆனால் பல்லி சொன்ன அந்தப் பெட்டி மட்டும் பெண்ணோடு வந்தால் வீட்டுக்கு விசேஷம். அண்ணன் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் கொடுத்துவிட்டான். கட்டில், பீரோ, குத்துவிளக்கோடு கம்ப்யூட்டருக்கும் அம்மா மஞ்சள் குங்குமம் வைத்துப் புதுத்துணியால் கட்டினாள். டிஸ்க்கை ஓய்வுக்கு அனுப்பாமல் நகர்த்தினால் குலுக்கலில் உள்ளே அடிபட்டுப்போகும், ஒரே ஒரு நிமிஷம் பிரித்துச் சுவிட்சைப் போட்டுக்கொள்கிறேன் என்று கெஞ்சினேன். கட்டின சீரைப் பிரிக்கக்கூடாது என்றாள். உசிலம்பட்டி தாண்டி எழுமலை ரோட்டில் அந்த லாரி குலுங்கிய குலுக்கலில், பின்னால் காரில் வந்த எனக்கு ஒவ்வொரு பள்ளமும் நெஞ்சில் இடித்தது.

எழுமலையில் எனக்கு யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. கம்ப்யூட்டருக்கும் வைக்கவில்லை. கூடத்தில் நடுநாயகமாக, பூவேலை செய்த துணி போர்த்தி அது இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் அத்தை பல்லிக் கதையைச் சொல்வார். கதை முடிந்ததும் வந்தவர்கள் முதலில் பெட்டியைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். அதை ஓட்டிப் பார்க்க எனக்கு ஆசை இருந்தது. வோல்டேஜ் வரவில்லை. சுற்றிலும் கிணற்று மோட்டார்கள் ஓடிக்கொண்டிருக்கும். டியூப் லைட்டே கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பாதியில் நின்றுவிடும். என் கணவர் பெரிய ஸ்டெபிலைசர் ஒன்று வாங்கிவந்து மாட்டிப் பார்த்தார். அதுவும் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டதே தவிர, திரை பச்சையாக ஒரு புள்ளி காட்டிவிட்டு அணைந்தது. அவர் என்னைவிட வருத்தப்பட்டார்.

ஐப்பசியில் நல்ல மழை பிடித்தது. ஒரு மதியம், தோட்டங்களில் மோட்டார் ஒன்றும் ஓடவில்லை, கூடத்து பல்பு என்றுமில்லாத வெளிச்சத்தில் எரிந்தது. கணவர் கடையில் இருந்தார். அத்தை அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் துணியை விலக்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன்.

ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. மிஷின் தன் நினைவகத்தைச் சரிபார்க்க, திரையில் எண்கள் ஏறின. என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. மில் மானேஜருக்கு ஒரு கடிதம் போட்டுப் பார்த்தால் என்ன, அண்ணன் வாரம் ஒரு தடவை விவரத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் இங்கிருந்தே செய்துவிடலாமே, அதுவும் இல்லாவிட்டால் தல்லாகுளத்துக்கே போய்வந்து செய்யலாமே என்று மனசு எங்கெங்கோ ஓடியது. அப்போது எண்கள் நின்றன. உள்ளேயிருந்து கேட்டது.

'ட்ச்… ட்ச்… ட்ச்…'

ஒரே சீராக, இடைவெளி விட்டு. எந்தப் பல்லியும் அப்படிச் சொல்லாது. லாரியில் அடிபட்ட ஹார்ட் டிஸ்க் தன் இடம் தெரியாமல் திரும்பத் திரும்பத் தேடுகிற சத்தம் அது. திருப்புளியைக் காதில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தத் தடவை எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

அடுப்படியில் அத்தையின் விரல் அரிவாள்மனைக் கட்டையைத் தட்டுவது கேட்டது. ஈரக்கையைச் சேலையில் துடைத்தபடி முகமெல்லாம் சிரிப்பாக வந்து என் பக்கத்தில் நின்றார்.

"பல்லி சொல்லிருச்சு தாயி. இப்ப நீ மனசுல என்ன நெனச்சுக்கிட்டு இருந்த? அது அப்படியே நடக்கும் பாரு."

அது பல்லி இல்லை அத்தை என்று நாக்கு நுனிவரை வந்தது. திருப்புளி பீரோவுக்குள்தான் இருந்தது. பெட்டியைத் திறந்தே காட்டியிருக்கலாம். அவர் என் முகத்தையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் நெனைக்கல அத்தை" என்று சொல்லிவிட்டுச் சுவிட்சை அணைத்தேன்.